ஜோடிக்கு ஒரு ஆள்

விடியக்காலையில் கோழிச் செட்டில் விளக்கு எரிந்ததும் முதலில் ஒரே ஒரு கோழி தொண்டையைச் செருமுவது போலக் கேறும், பக்கத்துக் கூண்டில் இருப்பது அதற்குப் பதில் சொல்லும், அப்புறம் அந்தச் சத்தம் கம்பிக் கூண்டுகளின் வரிசையோடு ஓடி, மூச்சு விட்டு மூச்சு வாங்குவதற்குள் செட்டு முழுக்கத் தகரத்தில் மழை கொட்டுவது போல ஆகிவிடும். அதோடு சேர்ந்து கீழே கிடக்கிற எச்சத்தின் காட்டமும் கிளம்பும். மூக்கின் மேல்பக்கத்தில் ஊசியால் குத்துவது போல ஒரு எரிச்சல். புதிதாக வருகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது வீட்டு வாசனை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் சொல்லித்தான் அதற்கு நாற்றம் என்று பெயர் என்பதே எனக்குத் தெரிந்தது.

என் அக்கா கலைவாணி போன ஆடி மாதம் இறந்துபோனாள். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். டூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது, நாலுவழிச் சாலையைக் கடக்கிற இடத்தில், லாரி. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்னார்கள். "படிக்க வெச்சதெல்லாம் மண்ணாப் போச்சே" என்றார்கள். "சம்பாரிக்கிற புள்ளயாப் பாத்துத் தூக்கிக்கிட்டானே" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அத்தை அழுதாள். நான் அவளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பாதிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டான் என்றால் சம்பாதிக்காத பிள்ளையை விட்டுவிட்டான் என்று அர்த்தம் வருகிறது என்பது அத்தைக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் கோபம் வரவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தேன். அன்றிலிருந்து உள்ளே ஒன்றும் வருவதில்லை. பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் அக்கா எப்படிப் படித்தாள் என்பது அவர்கள் ஒருவருக்கும் தெரியாது, அதை மட்டும் யாராவது எழுதி வைக்கவேண்டும் என்று நினைத்தேன். நான் ஏழாவது வரைதான் படித்தவள். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் ஒரு கோழிப்பண்ணையில்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்பாவும் அம்மாவும் அங்கே வேலைக்காரர்கள். பண்ணையில் ஒற்றை ஆளாக யாரையும் சேர்க்க மாட்டார்கள். புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் வேலை, அதற்கு "ஜோடி" என்று பெயர். ஒரு ஜோடிக்கு ஒரு செட்டு, குடியிருக்கச் செட்டுக்குப் பக்கத்திலேயே வரிசை வீடுகளில் "லைன் ஊடு" ஒன்று. ஆண் தீவன மூட்டையைத் தூக்குவான், தண்ணீர்க் குழாயைப் பார்ப்பான், செத்த கோழியை எடுப்பான். பெண் தொட்டியில் தீவனத்தைச் சீராகத் தள்ளிவிட்டு, முட்டையைப் பொறுக்கி அட்டையில் அடுக்கி, கீறல் விழுந்ததைத் தனியாக ஒதுக்கி வைப்பாள். ஒருவர் இல்லாவிட்டால் ஜோடி உடைந்துவிடும். ஜோடி உடைந்தால் வேலையும் போகும், வீடும் போகும். ஆட்களைக் கூப்பிடும்போதுகூடப் பெயர் சொல்ல மாட்டார்கள், "மூணாஞ் செட்டு ஜோடி" என்றுதான் சொல்வார்கள். ரொம்ப நாள் வரை நானும் எங்கள் குடும்பத்துக்கு அதுதான் பெயர் என்று நினைத்திருந்தேன்.

நானும் அக்காவும் பண்ணை ரோட்டில் நடந்து, மெயின் ரோட்டில் டவுன் பஸ் பிடித்து, அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். பஸ்ஸில் எங்களைப் பார்த்ததும் "முட்டைக்காரி வந்துட்டா, நகந்து உக்காரு" என்பார்கள். அக்கா சும்மா இருக்கமாட்டாள். "மத்தியானம் தட்டுல முட்டைய வெக்கறப்ப மட்டும் நாறாதா?" என்று கேட்பாள். அவள் பத்தாவது, நான் எட்டாவது. அவளுக்குக் கணக்கு கரும்பு மாதிரி, எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்ததற்குக் காரணம், அங்கே உட்கார்ந்துகொண்டே இருக்கலாம் என்பதுதான்.

அந்த வருசம் ஆவணியில் அம்மா செட்டுக்குள் விழுந்துவிட்டாள். கூண்டுகளெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், நடுவில் நடப்பதற்குப் பலகை போட்டிருக்கும். தீவன வாளியோடு நடந்தபோது பலகை உளுத்துப்போயிருந்த இடத்தில் கால் இறங்கி, கீழே கிடந்த எச்சக் குவியலுக்குப் பக்கத்தில் கல்லில் போய் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு கூட மாதக்கணக்காகும், கூடினாலும் இனி மூட்டையெல்லாம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவைக் கட்டிலில் போட்ட மறுநாளே, பண்ணையை மேற்பார்க்கிற சூப்பரைசர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"மாரியப்பா, ஜோடி இல்லாம செட்டு ஓடாது. மொதலாளி கொஞ்ச நாளுப் பொறுப்பாரு, அதுக்கு மேல வடக்க இருந்து ஒரு ஜோடிய எறக்கிருவாரு. நான் சொல்றதச் சொல்லிப்புட்டேன்."

"இவ இப்பிடிக் கெடக்கறப்ப நான் எங்கீங்க போவேன்?" என்றார் அப்பா.

"ஏன், ஊட்டுல ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதில்ல? ஒண்ணச் செட்டுல போடு. யாராச்சும் கேட்டா லீவுக்கு வந்துருக்குதுன்னு சொல்லிக்கலாம்."

அவர் போனதும் அக்கா உடனே, "நான் வாரேம்ப்பா" என்றாள். கட்டிலில் இருந்து அம்மா, "நீ வாய மூடுறயா? பத்தாவதுல நின்னா அதோட முடிஞ்சுது. சின்னவளுக்கு எட்டாவதுதான? எட்டாவது வரைக்கும் எல்லாத்தையும் பாஸ் போட்டு உடறாங்க. ஒரு வருசம் இருந்துட்டு மறுக்காப் போயி உக்காந்துக்கட்டும்" என்றாள். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. பள்ளிக்கூடம் என்பது பஸ் மாதிரி, ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டுப்பாடம் எழுத வேண்டாம் என்பதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்கூட இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னாள். "பரீச்சை முடிஞ்ச மறுநாளு செட்டு என்னுது. நீ பள்ளிக்கொடம் போயிரோணும். ஏமாத்த மாட்டேன் புள்ள."

அப்பா சூப்பரைசரிடம் கெஞ்சி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். காலையில் தீவனம் போட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போகலாம், மத்தியான முட்டையை அப்பாவே பொறுக்கிக்கொள்வார், சாயங்காலம் வந்து நான் மிச்சத்தைப் பார்க்கவேண்டும். அதனால் முதல் நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிடக் கூடாதே என்று விடியக்காலையிலேயே குளித்து, அரக்குப் பாவாடையும் சட்டையுமாக யூனிபாரத்தோடு செட்டுக்குள் போய்விட்டேன். பண்ணையில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடாத காரியம் அது. முட்டையிடுகிற கோழி மனிதர்களை முகம் பார்த்து அறியாது, துணியைப் பார்த்துத்தான் அறியும். அதனால்தான் செட்டுக்குள் போகிறவர்கள் வருசம் பூராவும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் அது தெரியும், ஆனால் யூனிபாரத்தை நான் ஒரு கலராக நினைத்ததே இல்லை. முதல் வரிசையைத் தாண்டுவதற்குள் கோழிகள் எகிற ஆரம்பித்தன. ஒன்று எகிறினால் எல்லாம் எகிறும். கூண்டோடு மோதி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இறகு பறந்து எதிரில் இருப்பதே தெரியவில்லை. கம்பியில் உருண்டு நின்ற முட்டைகள் டப் டப்பென்று உடைந்தன. நான் பயந்துபோய் ஓடினேன், ஓடியதால் இன்னும் மிரண்டன.

அதற்கப்புறம் பல நாள் அந்தச் செட்டில் முட்டை குறைந்தது. வந்ததிலும் பாதி ஓடு இல்லாமல் கொழகொழவென்று "தோல் முட்டை". சூப்பரைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோயில் நோம்பிக்குக் கெளம்புனாப்பல கலரா வந்தா கோழி என்ன பண்ணும்? இந்த அங்க ஒரு காலு இங்க ஒரு காலெல்லாம் ஆகாது மாரியப்பா. செட்டுன்னா செட்டு." அப்பா தலையாட்டினார். அதோடு அந்த ஏற்பாடு போய்விட்டது.

அம்மா கட்டிலில் கிடந்தபடியே ஆணியில் தொங்கிய சட்டையைக் காட்டினாள். அப்பாவுடைய பழைய சாம்பல் கலர்ச் சட்டை, அம்மா சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிறது. "இதப் போட்டுக்கிட்டுப் போ சாமி. அதுகளுக்கு உன்னத் தெரியாது, சட்டையத் தெரியும்." எனக்கு அது முழங்கால் வரை வந்தது. கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். ஒரு கோழிகூடத் தலையைத் தூக்கவில்லை. நான் அம்மா ஆகிவிட்டேன். அவ்வளவுதான்.

அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் எல்லா நாளும் ஒரே நாளாகத்தான் இருந்தது. விளக்கு, தீவனம், முட்டை, சாப்பாடு, மறுபடி முட்டை. கண் சிவந்தே இருக்கும். விரல் நகத்தைச் சுற்றித் தோல் உரியும். சாயங்காலம் முட்டை லாரி வரும், கேரளாவுக்கு என்பார்கள், இன்னொரு வண்டி சத்துணவுக்கு என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் பெண் படித்தால் நாடு முன்னேறும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். நாடு என்றால் என்ன என்று எனக்கு அந்த வயதில் தெரியாது. லாரி போகிற இடமெல்லாம் நாடு என்று நினைத்துக்கொண்டேன். அந்த லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டுதான் இருந்தன. நாமக்கல் முட்டை இல்லாவிட்டால் பாதி ஊர் பட்டினி என்று லோடுமேன் அண்ணன்கள் பெருமையாகப் பேசுவார்கள். நான் படிக்காததால் நாட்டுக்கு ஒரு குறையும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் அடுக்கிய அட்டையில் இருந்துதான் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் முட்டை போயிருக்கும். இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் கணக்கு டீச்சர் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட பளபளப்புச் சேலை. நேராகச் செட்டு வாசலுக்கே வந்து "கோகிலா" என்று கூப்பிட, முன்வரிசைக் கோழிகள் எகிறத் தொடங்க, சூப்பரைசர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "டீச்சருங்க, டீச்சருங்க! அங்கயே நில்லுங்க! உங்க சேலை பண்ணையவே கவுத்திரும்!" டீச்சர் பயந்து போய் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மரத்துக்குப் பின்னால் இருந்தே கேட்டார், "ஏம்மா, எப்பதான் வருவே?"

"பங்குனி முடிஞ்சதுமுங்க டீச்சர்."

"அப்ப பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்ருவோமே!"

சூப்பரைசர் சிரித்தார், நானும் சிரித்தேன், டீச்சரும் சிரித்துவிட்டார். அப்புறம் டீச்சர் பஸ்ஸுக்குப் போனார், நான் முட்டை பொறுக்கப் போனேன்.

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் விடியக்காலையில் நான் எழுவதற்கு முன்பே சாம்பல் சட்டையைப் போட்டுக்கொண்டு செட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் திறந்ததும் நான் எட்டாவதில் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். உயரமாக இருக்கிறாள் என்று என்னையே லீடராகப் போட்டார்கள். இப்போதும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு வெளிச்சம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஜன்னல் வழியாக டெஸ்க்கின் மேல் விழுகிற வெயில். செட்டுக்குள் வெயில் வராது.

ரிசல்ட் வந்தது. பள்ளிக்கூடத்திலேயே அக்காதான் முதல் மார்க். லைன் வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டீச்சரும் வந்தார். இந்தத் தடவை கோழிக்குப் பயந்து மங்கலான சாம்பல் சேலை கட்டியிருந்தார், அதைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டாள். பதினொன்றாவது சேர்க்கை இந்த வாரத்தோடு முடிகிறது, பெரியவளை எப்படியாவது அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே நாட்களில் சூப்பரைசர் வீட்டு அம்மாவும் ஒரு சேதியோடு வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடுகிற ரிக் வண்டியில் போகிற பையன், நல்ல குடும்பம். "பொண்ணு செட்டுல சும்மாதான கெடக்குது, வயசும் ஏறுது. இன்னும் என்ன ரோசனைங்க?" என்று கேட்டார்.

அம்மா அப்போது கோலை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தாள். செட்டு வேலைக்கு ஆகமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் தலை பின்னிவிடக் கூப்பிட்டாள். பின்னிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கண்ணு, உங்கக்காள இந்தச் செட்டுல உட்டா ஒரு வருசத்துல கட்டிக் குடுக்கச் சொல்லுவாங்க. உங்கப்பனால தட்டிச் சொல்ல முடியாது. அவ போயிட்டா ஜோடிக்கு மறுபடி ஆளு வேணும். அப்ப உன்னத்தான் நிறுத்துவாங்க. அவளும் போயி, நீயும் போயி, ரெண்டும் ஒண்ணுமில்லாமப் போயிரும்."

"அப்ப நான் என்னம்மா பண்றது?"

"நீ சின்னவ. உன்ன இன்னும் அஞ்சாறு வருசத்துக்கு எவனும் கேக்க மாட்டான். அதுக்குள்ள அவ ஒரு வேலைக்குப் போயிருவா."

பின்னி முடித்து ரிப்பன் கட்டிவிட்டாள். அந்த ரிப்பன் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தாலும் பூ மாதிரி முடிச்சுப் போட்டுத்தான் கட்டினாள்.

மறுநாள் அக்காவுக்கு முன்பே நான் எழுந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அக்கா வாசலில் வந்து மறித்தாள். "கழட்டு" என்றாள். நான் கழட்டவில்லை. சட்டையின் காலரைப் பிடித்து இழுத்தாள், ஒரு பித்தான் அறுந்து போனது. "என்னய ஏமாத்துக்காரி ஆக்கறயா? உனக்கு வாக்குக் குடுத்துருக்கறேன் நான்!" என்று கத்தினாள். "நீ போ. பஸ்ஸு போயிரும்" என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. இதில் என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அம்மா சொன்ன கணக்கு சரியாக இருந்தது, அவ்வளவுதான். அதில் வேறு விடை வருகிற மாதிரி யாராவது பெரியவர்கள், பண்ணைக்காரர்களோ சர்க்காரோ, அந்தக் கணக்கையே மாற்றிப் போட்டிருக்கவேண்டும். பதிமூன்று வயதில் நான் எப்படி மாற்றுவேன்?

அம்மா போட்ட கணக்குப்படியே நடந்தது. அக்கா பன்னிரண்டாவது முடித்து, நர்ஸ் படிப்புப் படித்து, வேலைக்குப் போனாள். போன முதல் வருசமே எங்களைப் பண்ணையில் இருந்து கூட்டி வந்துவிட்டாள். சேந்தமங்கலத்தில் ஓட்டு வீடு பிடித்தாள். செட்டுத் தூசியில் அப்பாவுக்கு வந்திருந்த மூச்சிரைப்பு நின்றது. நான் தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தேன். "நீ தனியாப் பரீச்சை எழுது புள்ள, நான் பீஸ் கட்டறேன்" என்று வருசா வருசம் சொல்வாள். நானும் அடுத்த வருசம் அடுத்த வருசம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இருக்கிற தைரியம்தான். வீட்டில் ஒருத்தி படித்தால் போதாதா என்ன?

ஊசி போடப் போகிற ஊர்களில் அக்கா ஊசியோடு நிறுத்த மாட்டாள். எந்த வீட்டிலாவது பெண் பிள்ளை பள்ளிக்கூட நேரத்தில் வீட்டில் நின்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஒரு தடவை லீவு நாளில் என்னையும் கூட்டிப்போனாள். மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகிற சாந்தி என்கிற அக்கா வீடு. தன் மகள் தாரணியை ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டு மில்லுக்கு அனுப்பப் போவதாக அவர் சொன்னார். அக்கா என்னைக் கை காட்டி, "இங்க பாருங்க, என்ற தங்கச்சி. ஏழாவதோட நின்னா. இன்னிக்கும் கம்பெனில மெசினுதான். உங்க புள்ள இவளாட்டம் ஆகோணுமா?" என்று கேட்டுவிட்டாள். சாந்தி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. திரும்பி வரும்போது நான் அவளைப் பிடிக்காமல் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அக்காவே வண்டியை ஒரு புரோட்டாக் கடையில் நிறுத்தினாள். சாப்பிடும்போது, "கோவமா?" என்றாள். "இல்ல" என்றேன். "பொய்யி" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். தாரணியை நிறுத்தவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா இறந்து சடங்கெல்லாம் முடிந்த பின்பு, கூட்டம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தி அக்கா வந்தார். அம்மாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா போனதிலிருந்து அம்மா யாரிடமும் பேசுவதில்லை. புறப்படும்போது வாசலில் என்னை நிறுத்தினார்.

"உங்கக்கா சொன்னதுக்காகத்தான் சாமி அவள அனுப்பிட்டு இருந்தேன். இப்ப என்னத்த? அத்தன படிச்சும் அவ என்னத்தக் கண்டா? தாரணியும் மூணு வாரமாப் போகல. மில்லு வேனு ஊட்டு வாசலுக்கே வருது. ஏத்தி உட்ரலாம்னு இருக்கறேன். நீ என்ன சொல்றே?"

என்னைக் கேட்கிறார். அக்காவைப் போல எனக்குப் பேச வராது. படித்தால் நாடு முன்னேறும் என்றெல்லாம் நான் எப்படிச் சொல்வேன், அந்தச் சுவருக்கு வெளியே நின்றவள் நான். வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"அக்கா லாரில அடிபட்டுச் செத்தாங்க. படிச்சதால சாகலீங்க."

அவர் செருப்பில் பாதி நுழைத்த காலை வெளியே எடுத்தார்.

"படிச்சதாலதான் எங்கப்பா இன்னிக்கு மூச்சு உடறாரு. எங்கம்மா கோழிச் செட்டுல சாகாம ஊட்டுக்குள்ள கெடக்குது. நாளைக்கு நான் வாரேங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"உனக்குக் கம்பெனி இல்லயா?"

"லேட்டாப் போயிக்கறேன்."

திங்கட்கிழமை காலையில் தாரணியும் நானும் டவுன் பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வழியில்தான் எங்கள் பண்ணை. பஸ்ஸில் இருந்தே தெரிந்தது. லைன் வீடுகள் ஒன்றுகூட இல்லை, அந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தது. டீச்சர் ஒளிந்துகொண்ட வேப்பமரமும் இல்லை. பழைய செட்டுகளை இடித்துவிட்டு நீளமாக, ஜன்னல் இல்லாமல், வெள்ளையாக ஒரு கட்டடம். உள்ளே தீவனம் போட மெசின் வந்துவிட்டது, முட்டையைப் பெல்ட்டே கொண்டுவந்து தள்ளிவிடுகிறது, கம்ப்யூட்டர் பார்க்கப் படித்த பெண் ஒருத்தி மட்டும் இருக்கிறாள் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்கள். ஜோடி என்கிற வார்த்தையே இப்போது அங்கே கிடையாதாம். எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்தார்களோ, அந்த வேலையே இப்போது இல்லை. அந்த இடத்தில் படித்தவளுக்குத்தான் நாற்காலி போட்டிருக்கிறார்கள். பஸ் அதைத் தாண்டிப் போனது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றோம். அவர் தாரணியைப் பார்த்ததும், "என்னம்மா, வழி தெரிஞ்சுதா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெத்தவங்க வரலையா?"

"காட்டு வேலைக்குப் போயிருக்காங்க சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க யாருங்க இவளுக்கு?"

தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"அக்காங்க" என்றேன். "இனிமே இவ வரலீன்னா எனக்கு ஒரு போன் போடுங்க சார்."

நம்பரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். "போ, கிளாஸ் ஆரம்பிச்சாச்சு" என்றார் அவளிடம். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள், முதலில் மெதுவாக, அப்புறம் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.